வெள்ளச்சி வந்து சேர்ந்த வீடு

செய்தியைக் கொண்டுவந்தவர் பஸ் கண்டக்டர் முனுசாமி. காஞ்சிபுரத்திலிருந்து செய்யாறு வரும் காலை பஸ்ஸில் வந்தவர், தோளில் டிக்கெட் பையோடு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நடந்து வந்துவிட்டார். நான் ஏழாம் வகுப்பில் பருவக்காற்று நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் பேசிச் சிரித்த இரண்டு பெண்களை எழுந்து நிற்க வைத்துத் திட்டிக்கொண்டிருந்த நேரம். வாசலில் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. வகுப்பு நடக்கும்போது உள்ளே விட்டது யார் என்று கேட்கப் போனேன்.

"டீச்சர், பொறப்படுங்க. வண்டிய நிறுத்தி வெச்சிட்டு வந்துக்கிறேன். உங்க அண்ணி காலைல தவறிட்டாங்க" என்றார்.

அப்படியே கிளம்பிவிட்டேன். நிற்க வைத்த பெண்களை உட்காரச் சொல்லவில்லை என்பது பஸ் பாலாற்றைத் தாண்டும்போதுதான் நினைவுக்கு வந்தது. ஐயோ, அந்தப் பிள்ளைகள் இன்னும் நின்றுகொண்டிருக்குமே என்று நினைத்ததும்தான் அழுகை வந்தது. முனுசாமி எனக்கு டிக்கெட் கொடுக்க வரவே இல்லை.

காமாலை. செய்யாற்றில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் நான் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதே கண் மஞ்சளாகத்தான் இருந்தது. "எனக்கு ஒண்ணுமில்ல, நீ போய் உன் பொண்ணுங்கள மேய்" என்று சிரித்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊசி போட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை, வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். முப்பத்தைந்து வயது நிரம்பாத ஒருத்திக்கு நினைவஞ்சலி எழுத உட்கார்ந்திருக்கிறேன். இது என்ன நியாயம் என்று கேட்கக்கூட ஆளில்லை.

சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தை மீறிக் கேட்கும் அந்தச் சிரிப்பு அவர்கள் காதில் இன்னும் இருக்கும். என்னிடம் படித்துக் கல்யாணமாகி எங்கெங்கோ போய்விட்ட பெண்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அவர்களில் பலர் அவள் கையால் தேனும் தினைமாவும் தின்றவர்கள். வெள்ளச்சி என் அண்ணன் ஏகாம்பரத்தின் மனைவி. ஜவ்வாது மலையில் பிறந்தவள். என்னைவிடச் சின்னவள், அதனால் அண்ணி என்று கூப்பிட்டாலும் எங்களுக்குள் வா, போ தான்.

அண்ணனுக்கு அந்த மலையில் ஃபாரஸ்ட் கார்டு வேலை. அறுபதுகளின் நடுவில் ஒரு தடவை லீவில் வந்தவன், மலையில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். அம்மா கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தாள். "மரத்தப் பாத்துக்கடான்னு அனுப்புனா, நீ பொண்ணப் பாத்துக்கினு வந்துக்கிறயா?" என்றாள். அப்பா இல்லாத வீடு. முசரவாக்கத்து நிலத்தைக் கட்டிக் காத்து, ஊரில் நாலு பேர் மதிக்கும்படி பிள்ளையை வளர்த்தவள். எத்தனை கணக்குப் போட்டு வைத்திருப்பாள்! சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். அண்ணனும் சாப்பிடாமல் கிடந்தான். கடைசியில், மருமகள் என்று வந்தால் இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும், மலையில் குடித்தனம் கூடாது என்று சொல்லி ஒப்புக்கொண்டாள். இப்படியாக, காஞ்சிபுரத்துப் பிள்ளை மலையில் இருந்தான், மலைப் பெண் காஞ்சிபுரத்தில் இருந்தாள். மாதத்துக்கு ஒரு தடவை அவன் வந்து போவான். இரண்டு பேரும் ஊர் மாற்றிக்கொண்டார்கள் என்று தெருவே சிரித்தது.

வந்த அன்று அவள் செய்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆரத்தி எடுத்து, வலது காலை எடுத்து வை என்று சொல்வதற்காக எல்லாரும் காத்திருக்கிறோம். அவள் தலைகுனிந்து நிற்கவில்லை. நிலைப்படியைத் தொட்டாள், கதவைத் தடவிப் பார்த்தாள். "வந்துட்டோம்" என்றாள், யாரிடமோ சொல்வதைப் போல.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "வந்துட்டோமா? கூட யாரு வந்துக்கிறாங்க?" என்று கேட்டாள்.

"எங்க முப்பாட்டன் முப்பாட்டி எல்லாம்தான், அத்த" என்றாள் வெள்ளச்சி.

அந்தக் கதையை அன்றைக்கே சொல்லிவிட்டாள். ஜவ்வாது மலையில் இருப்பவர்களைக் கேட்டால் தாங்கள் காஞ்சிபுரத்துக்காரர்கள் என்றுதான் சொல்வார்கள். என்றைக்கோ ஒரு காலத்தில் அண்ணன் தம்பிகள் சிலர் இந்த ஊரைவிட்டுக் கிளம்பி மலையேறினார்களாம். ஒரு ஊரில் மூன்று பேர் என்பார்கள், இன்னொரு ஊரில் ஏழு பேர் என்பார்கள். ஏன் போனார்கள் என்பதற்கும் ஊருக்கு ஒரு காரணம். வெள்ளச்சி வீட்டில் மட்டும் இன்னொன்றும் சொல்வார்கள்.

"பெருமாள கூடையில வெச்சித் தலமேல தூக்கிக்கினு போனாங்க. திரும்பி வர்றதாத்தான் போனாங்க. அதனால வூட்டப் பூட்டல. கதவ வெறுமன சாத்திட்டுப் போனாங்க. கொளத்தாண்ட வூடு" என்றாள்.

அதனால் அவர்கள் குடும்பத்தில் வெளியே கிளம்புகிறவர்கள் கதவைக் கட்டுவதில்லை, பூட்டுவதில்லை. இழுத்துச் சாத்துவதோடு சரி. கட்டிவிட்டால் போனவர் திரும்ப மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. அவளை அனுப்பும்போது அவள் அப்பா, எங்களுக்கு அண்ணாமலை மாமா, அந்தச் சின்ன மலையூருக்குப் பெரியவர், ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினாராம்: "நம்ம ஊருக்குப் போற. நம்ம வூட்டத் தேடிப் பாத்து வை. கண்ண மூடறதுக்குள்ள நான் ஒரு வாட்டி அந்த வாசல்ல நிக்கணும்."

அம்மா இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். காஞ்சிபுரத்தில் குளத்துக்கா பஞ்சம்? எந்தத் தெருவில் நின்றாலும் பக்கத்தில் ஒரு குளம் இருக்கும் ஊர் இது. வெள்ளச்சிக்கு ஆனால் அது விளையாட்டு இல்லை. கல்யாணத்தை விட, புருஷனை விட, அப்பாவை அந்த வாசலில் கொண்டு நிறுத்துவதுதான் அவள் இங்கே வந்த வேலை என்று நினைத்தாள்.

அம்மாவோடு அவளுக்கு நடந்த சண்டைகளைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது. பெயரிலேயே தொடங்கியது. "கருப்பா இருக்கற உனக்கு வெள்ளச்சின்னு எவன் பேரு வெச்சான்? விஜயான்னு மாத்திக்க" என்றாள் அம்மா. "நீங்க விஜயான்னு கூப்புடுங்க அத்த. யாரு திரும்பிப் பாக்கறாங்கன்னு பாக்கலாம்" என்று பதில் வந்தது. வரதர் கோயிலுக்கு முதல் தடவை கூட்டிக்கொண்டு போனபோது, பெருமாள் அத்திகிரி என்ற மலைமேல் இருக்கிறார் என்று அம்மா பக்தியோடு சொல்லியிருக்கிறாள். படியேறி, வரிசையில் நின்று, சேவித்து, தீர்த்தம் வாங்கிய பிறகு இவள் கேட்டாள்: "மல எப்ப அத்த வரும்?" பக்கத்தில் நின்ற பட்டாச்சாரியாரே சிரித்துவிட்டார்.

பூட்டு விஷயத்தில்தான் வீடு அதிர்ந்தது. ஐப்பசி மழையில் ஆற்றில் வெள்ளம் என்று கேட்டதும் வெள்ளச்சிக்கு இருப்புக் கொள்ளாது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்குப் போயாக வேண்டும். செய்யாறு பிறப்பது அவள் மலையில். அம்மா முசரவாக்கம் போயிருந்த ஒரு நாள், என்னையும் இழுத்துக்கொண்டு பழைய சீவரம் பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். கதவைப் பூட்டினாளா என்று நானும் பார்க்கவில்லை. கரையில் நின்று செம்மண் நிறத்தில் சுழித்து வந்த தண்ணீரைக் காட்டி, "அது எங்க தண்ணி" என்றாள். இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்தாள். "மலைன்னா கல்லுன்னு பசங்களுக்குச் சொல்லித் தராத சரோஜா. மலைன்னா தண்ணி. கல்லு அதப் புடிச்சி வெச்சிக்கற பாத்திரம்" என்றாள். நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாயில் வேகவதியும் எங்கள் மலைதான் என்றாள். இல்லையடி என்று வீட்டுக்கு வந்து மேப்பை விரித்துக் காட்டினேன். "அப்போ மேப்ப மாத்து" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளோடு வாதாடி ஜெயிக்க முடியாது.

மேப்பைக் காட்டியதெல்லாம் பிறகு. அதற்கு முன், நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டுக்குள்ளிருந்து ஒரு மாடு வந்தது. தெருவில் திரியும் கோயில் மாடு. கதவை முட்டித் திறந்து உள்ளே போய், அம்மா இடிக்க ஊறவைத்து முறத்தில் உலர்த்தியிருந்த அரிசியை முழுதும் தின்றுவிட்டு, கூடத்தில் சாணியும் போட்டு வைத்திருந்தது. சாயங்காலம் அம்மா வந்தாள். "ஏண்டி, இது இன்னா உங்க காடா? திருடன் வந்திருந்தா இன்னாடி பண்ணியிருப்ப?" என்று தெரு கூடும்படி கத்தினாள். வெள்ளச்சி சாணியை அள்ளிக்கொண்டே, "திருடன் வரல அத்த. மகாலட்சுமிதான் வந்துச்சி" என்றாள். அன்று முதல் வீட்டுச் சாவி அம்மாவின் இடுப்புக்குப் போயிற்று.

ஒரு கோடை விடுமுறையில் அவள் ஊருக்கு நானும் போனேன். போளூரில் இறங்கி, அடிவாரத்திலிருந்து நடை. வெப்பமண்டல மலைக்காடு என்றால் வெயில் நுழையாமல் இருண்டு கிடக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கீழே முள்ளும் உசிலையும். மேலே போகப் போக மூங்கில், தேக்கு, வேங்கை. சித்திரை மாதம், ஒரு மரத்திலும் இலை இல்லை. காலடியில் சருகு நொறுங்கியது. "இதுவா உன் காடு?" என்றேன். "காடும் வருசத்துக்கு ஒரு வாட்டி மொட்ட போட்டுக்கும். நீங்க திருப்பதிக்குப் போறதில்லயா? ஒரு மழ வுழட்டும், அப்புறம் பாரு" என்றாள். இன்னும் ஏறினால் மலை உள்பக்கமாகத் தாழ்ந்து, பள்ளத்தாக்கும் ஓடையுமாக விரிந்தது. நடுவில் ஓடும் ஆறு மலையையே கிழக்கு மேற்கு என்று இரண்டாகப் பிரிக்கிறது. அங்கே பலா, புளி, மா எல்லாம் பச்சை மாறாமல் நின்றன. சாமை அறுத்த தாள் வயலில் இருந்தது. இலுப்பைப் பூவுக்குக் கரடி வரும் என்று சொல்லி, பூ உதிரும் மரத்தைச் சுற்றிக்கொண்டு கூட்டிப் போனாள். ஊர் எல்லையில் ஒரு கல்லருகே செருப்பைக் கழற்றச் சொன்னாள். கோயில் எங்கே என்று பார்த்தேன். "கோயில் இல்ல. ஊரு. ஊருக்குள்ள செருப்பு போடக் கூடாது" என்றாள்.

அண்ணாமலை மாமாவை அங்கேதான் முதலில் நன்றாகப் பார்த்தேன். மூங்கிலும் மண்ணுமாகக் கட்டிப் புல் வேய்ந்த வீடு. உள்ளே போனதும் சாமைச் சோறும் பலாக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். அண்ணன் காக்கியோடு வந்து ஓரமாக உட்கார்ந்தான். மாப்பிள்ளை என்று மரியாதை இருந்தது. மரம் வெட்டினால் பிடிக்கிறவன் என்ற பயமும் இருந்தது. சரிவில் காடு வெட்டிச் சாமை விதைக்கிறார்களே என்று அவன் எதையோ சொல்லப் போக, வெள்ளச்சி எல்லார் முன்னாலும் கேட்டாள்: "இத்தன நாளு காடு எங்காளுங்க கையிலதான் இருந்துச்சி. உங்க ஆபீசுக்கு மேஜ செய்ய மரம் மிச்சம் இருந்துச்சா இல்லியா?" அண்ணன் சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். மாமா சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ படிச்ச பொண்ணு. எங்க வூடு எதுன்னு உனக்காவது தெரியுமாம்மா?" என்று கேட்டார். பார்க்கிறோம் மாமா என்றேன். வேறு என்ன சொல்வது?

உண்மையாகவே பார்த்தாள். வருஷக்கணக்கில். மலையிலிருந்து புளியும் கடுக்காயும், பட்டு அலச பூந்திக்கொட்டையும் கொண்டுவருகிறவர்கள் எங்கள் வீட்டு வாசலில் மூட்டையை இறக்கி ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பார்கள். தண்ணீர் குடித்ததும் முதல் கேள்வி, "அப்பன் கேக்கச் சொன்னாரு. வூடு கெடச்சிச்சா?" என்பதுதான். தேடிக்கினு இருக்கேன்னு சொல்லு என்பாள். அவர்கள் போனதும் முகம் சின்னதாகிவிடும். குளத்தோரம் பழைய வீடாகத் தெரிந்தால் உள்ளே நுழைந்து, "உங்க வூட்டுலேருந்து முன்ன யாராச்சும் மலைக்குப் போனாங்களா?" என்று கேட்பாள். சிலர் சிரித்தார்கள். ஒரு வீட்டில், பங்கு கேட்க வந்தவள் என்று நினைத்து விரட்டினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துச் சரித்திர ஆசிரியரிடம் நான் கேட்டுப் பார்த்தேன். ஆதாரம் உண்டா என்றார். ஆதாரம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரோடு நான் பிறகு காபிகூடக் குடிக்கவில்லை.

எதிர்வீட்டுப் பங்காரம்மா மட்டும்தான் சிரிக்காமல் கேட்டவள். தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். "ஏம்மா, எங்களது எந்த ஊருன்னே எனக்குத் தெரியாது. ஆந்திராவுலேருந்து வந்தோம்னு சொல்லுவாங்க, அவ்ளோதான். உனக்காவது ஊரு தெரிஞ்சிருக்குது" என்றாள் ஒரு நாள். வெள்ளச்சி நெடுநேரம் அதையே சொல்லிச் சொல்லி வியந்தாள். ஊரே தெரியாமல் எப்படி இருக்கிறார்கள் என்று.

ஒரு வைகாசியில் மாமாவே வருவதாகச் செய்தி வந்தது. கண் மங்கிக்கொண்டு வருகிறது, இனித் தள்ள முடியாது, கருட சேவையும் பார்த்துவிட்டு வீட்டையும் பார்த்துவிடுகிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். வெள்ளச்சி இரண்டு வேளை சாப்பிடவில்லை. குழந்தை தங்காமல் போனபோதுகூட அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. ஏதாவது ஒரு பழைய வீட்டைக் காட்டிவிடலாம், கிழவருக்குக் கண் சரியாகத் தெரியாது, திருப்தியாகப் போகட்டும் என்று நான்தான் சொன்னேன்.

"பொய் வூட்டு வாசல்ல எங்கப்பன நிக்க வெக்க மாட்டேன். தெரியலப்பான்னு சொல்லிடுவேன். அழுதுட்டுப் போவாரு. போவட்டும்" என்றாள். சொல்லும்போதே அவள் அழுதாள்.

அம்மா மோர் கடைந்துகொண்டிருந்தாள். கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

மாமா வந்த நாளின் வெயிலை இன்றைக்கு நினைத்தாலும் பாதம் சுடுகிறது. அண்ணன்தான் கூட்டிக்கொண்டு வந்தான். பாலாற்றைத் தாண்டியதுமே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாராம். செருப்பைக் கழற்றித் துணியில் சுற்றி அக்குளில் வைத்துக்கொண்டாராம். ஊருக்குள் செருப்புப் போடக் கூடாது அல்லவா? அவருக்குக் காஞ்சிபுரம் முழுதும் அவர் ஊர். தார் உருகும் ரோட்டில் சின்னக் காஞ்சிபுரம் வரை வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார். செருப்பு விற்கிற கடை வாசலைக்கூட அப்படித்தான் தாண்டி வந்தார் என்று அண்ணன் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை. பாதம் கொப்புளித்திருந்தது. அவர் பின்னால் தலைமேல் பலாப்பழமும் சாமை மூட்டையுமாக ஊரார் இரண்டு பேர்.

எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "அம்மாடி வெள்ளச்சி, வூடு எது? மொதல்ல அங்க போயிட்டு வந்துடலாம்" என்றார்.

வெள்ளச்சி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தாள். சொல்லிவிடப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

அப்போது உள்ளேயிருந்து அம்மா வந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மருமகளைத் தாண்டி, நிலைப்படிக்கு வந்து நின்றாள்.

"இந்த வூடுதான் சம்பந்தி. வாங்க உள்ள" என்றாள்.

மாமா அசையவில்லை. மங்கின கண்ணால் கதவைப் பார்த்தார். கையை நீட்டித் தடவி, பூட்டு மாட்டும் சங்கிலியைப் பிடித்துப் பார்த்தார். "இதுல பூட்டு மாட்டற சங்கிலி இருக்குதே" என்றார்.

"அது எங்க மாமனாரு காலத்துல வெச்சது. அதுக்கு முன்ன கெடயாது" என்றாள் அம்மா, கண் சிமிட்டாமல். "கொளம் இதோ தெருக் கோடியில இருக்குது. கால் கழுவிக்கினு வாங்க, கொப்புளிச்சிக் கெடக்குது."

அவர் குளத்துக்குப் போகவில்லை. சாமை மூட்டையை இறக்கச் சொல்லி, கை நிறைய அள்ளி நிலைப்படியில் கொட்டினார். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அண்ணன் திண்டாடிப் போய் நின்றான். அம்மா ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து, "குடிங்க. வூட்டுக்கு வந்தவங்க அழக் கூடாது" என்றாள்.

கருட சேவை பார்த்து, மாமா ஊருக்குத் திரும்பின பிறகு, வெள்ளச்சி அம்மாவின் எதிரே போய் உட்கார்ந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் முகம் கல்லாக இருந்தது. "அத்த, நெசமாச் சொல்லுங்க. எங்கப்பன ஏமாத்துனீங்களா?" என்று கேட்டாள்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "எனக்கு இன்னாடி தெரியும்? நானும் இந்த வூட்டுக்கு வாழ வந்தவதான். எனக்கு முன்ன எங்க மாமியா வந்தா. அதுக்கு முன்ன இங்க யாரு இருந்தாங்க, யாரு போனாங்கன்னு எவ கண்டா? நீ கதவத் தொட்டு வந்துட்டோம்னு சொன்ன இல்ல, அன்னிக்கு? அப்போ இதான் அந்த வூடு. போய் வெளக்கேத்து" என்றாள்.

வெள்ளச்சி போய் விளக்கேற்றினாள். அதற்குப் பிறகு அவர்களுக்குள் சண்டை நின்றுவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நிற்கவில்லை. சாவி அம்மாவின் இடுப்பிலேயே இருந்தது. பூந்திக்கொட்டை மூட்டையோடு வந்தவர்கள் மட்டும் வீட்டைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார்கள். எங்கள் நிலைப்படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள்.

இப்போது அவள் போன நாளுக்கு வருகிறேன். எழுதாமல் விட முடியுமானால் விட்டிருப்பேன்.

மலைக்குத் தந்தி போகாது. அண்ணன் ஆபீஸ் மூலம் ஆள் அனுப்பியும், அவர்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். ஐந்தாறு பேரோடு மாமா வந்தார். கண் சுத்தமாகத் தெரியவில்லை, ஒரு பெண் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். காலில் செருப்பு இல்லை. இப்போதும் பாலாற்றிலிருந்து நடந்துதான் வந்திருக்கிறார். அண்ணன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினான். எங்கள் பெண்ணை உங்களிடம் கொடுத்தோமே என்று கேட்பார் என்று நினைத்து, அம்மா கூடத்து மூலையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாமா கதவைத் தடவிக் கண்டுபிடித்தார். நிலைப்படியில் உட்கார்ந்தார். "எங்க ஆளுங்க எல்லாரும் வூட்ட வுட்டு மலையில செத்தாங்க. இவ ஒருத்திதான் சொந்த வூட்டுல செத்தா" என்றார். "நான் அழ மாட்டேன் சம்பந்தி."

அழ மாட்டேன் என்று சொன்னவர்தான் அழுதார். அம்மா எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அவ்வளவு சத்தம் போட்டு அழுது நான் பார்த்தது என் அப்பா போனபோதுகூட இல்லை.

சாயங்காலம் அவர்களைப் பஸ் ஏற்றிவிட எல்லாருமே கிளம்பினோம். கடைசியாக வெளியே வந்தவள் நான். பழக்கதோஷம், கதவைச் சாத்தி, மாடத்தில் இருந்த பூட்டை எடுத்துச் சங்கிலியில் மாட்டப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"வேணாம். வெறுமன சாத்து."

எதிர்வீட்டிலிருந்து பங்காரம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, எல்லாரும் போறீங்க. யாராச்சும் எதையாச்சும் எடுத்துக்கினு போயிடப் போறாங்க" என்றாள்.

"எடுத்துக்கினு போறதுக்கு இனிமே இன்னா இருக்குது பங்காரம்மா?" என்று சொல்லிவிட்டு, அம்மா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

பாதி ஜாடிச் சாமை இருக்கிறது. அவள் கையால் புடைத்தது. அதை அம்மா யாரையும் தொடவிடவில்லை. எனக்கு மிஞ்சினது வேறு. மலை என்று போர்டில் வரைந்தால் அதிலிருந்து இறங்கும் தண்ணீரைத்தான் இப்போதெல்லாம் முதலில் வரைகிறேன், பெண்கள் சிரிக்கிறார்கள். அப்புறம் அந்தப் பூட்டு. நான் செய்யாற்றுக்குக் கிளம்பும்போது அம்மா இடுப்பிலிருந்து சாவியையும் அவிழ்த்துச் சேர்த்துக் கொடுத்தாள். "உன் ரூமுக்கு வெச்சிக்க, இங்க வேல இல்ல" என்றாள். வாங்கிக்கொண்டு வந்தேன். இங்கேயும் அதற்கு வேலையில்லை. பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்துவிடுகிறேன்.

வெள்ளச்சி, எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் வா. இரண்டையும் பூட்டவில்லை.